"முதலில் கட்டுவோம், பிளான் பிறகு" என்கிறார் பில்டர்: செய்யலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், ஸ்டேங்கரில் 1962இல் என் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். மனை 465 சதுர மீட்டர். வீடு 108, முன்வராந்தா 14, கொல்லையில் தகர ஸ்டோர்ரூம் 20. வராந்தாவை இருபது வருஷத்துக்கு முன்பு சுவர் எழுப்பி அறையாக்கினோம், பிளான் போடவில்லை. இப்போது மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. பின்பக்கம் இரண்டு அறை, பாத்ரூம், சின்னக் கிச்சன் என்று 48 சதுர மீட்டரில் கட்டிக்கொடுக்க ஆசை. மகனுடைய பக்கிக்கு (சின்னப் பிக்கப் வண்டி) ஒரு கார்போர்ட்டும் வேண்டும். "பிளான் ஆறு மாதம் மேசையில் தூங்கும். நாம் கட்டிவிடலாம், பிறகு அபராதம் கட்டினால் போதும்" என்கிறார் பில்டர். தைப்பூசத்துக்கு முன்பே நல்ல நாளும் பார்த்துவிட்டோம். டைட்டில் டீட் (சொத்துப் பத்திரம்) இன்னும் காலமான மாமனார் பேரில்தான் இருக்கிறது. என் கணவருக்கு ஒரு தம்பியும் இரண்டு தங்கைகளும் உண்டு. என்ன செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. பில்டர் சொன்னதில் பாதி உண்மை. அபராதம் சின்னதுதான். 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டடச் சட்டம், எழுத்தில் அனுமதி வாங்காமல் கட்டுகிறவருக்கு நாளுக்கு 100 ரேண்ட் வரை அபராதம் என்கிறது. அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி அதே சட்டத்தின் 21ஆம் பிரிவில் இருக்கிறது. நகரசபை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், வேலையை நிறுத்தவும் கட்டியதை இடிக்கவும் உத்தரவு வாங்கலாம். கென்டன்-ஆன்-சீ ஊரில் முறையான பிளான் இல்லாமல் எழுந்த ஒரு வீட்டு வழக்கில், 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: கட்டடம் சட்டவிரோதமானது என்று நிலைநாட்டப்பட்டால், 21ஆம் பிரிவின்கீழ் இடிக்க உத்தரவிடாமல் இருக்கும் விருப்புரிமை கோர்ட்டுக்கு இல்லை. அந்த நாள் வந்தால் பில்டர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். இடிக்கிற செலவு உங்கள் குடும்பத்தின் தலையில்.

கோர்ட் வரை போகாவிட்டாலும் தொல்லை தீராது. அனுமதி இல்லாத பகுதியில் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க அதுவே போதும். நாளை வீட்டை விற்கப்போனால், வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் பேங்க் அனுமதி பெற்ற பிளானைக் கேட்கும்.

உண்மையிலேயே அவசரம் என்றால் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பிளானைச் சமர்ப்பித்துவிட்டு, அனுமதி வருவதற்கு முன்பே வேலை தொடங்கத் தற்காலிக அனுமதி கேட்டு, 7ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவின்கீழ் எழுதிக் கேட்கலாம். நகரசபை கொடுக்கலாம், மறுக்கலாம், நிபந்தனை போடலாம். எழுத்தில் வந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. "ஆபீசில் பேசிவிட்டேன், ஆரம்பியுங்கள்" என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

அந்த ஆறு மாதக் கதைக்கு வருகிறேன். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு நகரசபை 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். 500க்கும் அதற்கு மேலும் என்றால் 60 நாள். உங்களுடையது 30 நாள் வகை. ஆனால் அந்த 30 நாள் ஓடத் தொடங்குவது, எல்லாக் காகிதமும் சேர்ந்த முழு விண்ணப்பம் உள்ளே போன நாளிலிருந்து. ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஃபைல் திரும்பும், நாள் கணக்கு முதலிலிருந்து. மேசையில் தூங்குவதாகச் சொல்லப்படும் பிளான்களில் பெரும்பாலானவை குறையோடு உள்ளே போனவை. ஆகவே முதலில் வரைபடக்காரரிடம் போகாதீர்கள். முதலில் காகிதம், பிறகு பென்சில். உங்கள் விஷயத்தில் நான்கு காகித முடிச்சுகள் இருக்கின்றன. நான்கையும் அவிழ்க்காமல் வரைந்தால் இரண்டு முறை வரைபடக் கூலி கொடுப்பீர்கள்.

முதல் முடிச்சு டீட். காலமானவர் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் கணவர் மூத்த மகன் என்பதாலேயே அவர் கையெழுத்து சொந்தக்காரரின் கையெழுத்து ஆகிவிடாது. மாமனாரின் எஸ்டேட்டை, அதாவது அவர் விட்டுப்போன சொத்தை, மாஸ்டர் ஆபீசில் (காலமானவர்களின் சொத்தை மேற்பார்க்கும் அரசு அலுவலகம்) பதிந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பதிந்திருந்தால், மாஸ்டர் நியமித்த எக்சிக்யூட்டர் (எஸ்டேட்டை நிர்வகிப்பவர்) சொந்தக்காரர் இடத்தில் கையெழுத்திடலாம். நியமனக் கடிதத்தின் சான்றிட்ட நகலை விண்ணப்பத்தோடு வையுங்கள். பதியவே இல்லை என்றால் அதுதான் உங்கள் முதல் வேலை. எஸ்டேட்டின் மொத்த மதிப்பு 2,50,000 ரேண்டுக்குள் என்றால் எளிய முறையில் அதிகாரக் கடிதம் கிடைக்கும். அதைத் தாண்டினால் எக்சிக்யூட்டர் கடிதம், கெசட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் கடன்காரர்களுக்கு அறிவிப்பு என்று நீளும். ஸ்டேங்கரில் வீடும் மனையும் சேர்ந்தால் இந்த வரம்பைத் தாண்டும் என்றே எதிர்பாருங்கள். மரணச் சான்றிதழ், உயில் இருந்தால் அசல் உயில், சொத்துப் பட்டியல், வாரிசுகளின் அடையாள எண்கள் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.

உயில் இல்லாவிட்டால் 1987ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி தம்பிக்கும் தங்கைகளுக்கும் பங்கு உண்டு. அவர்கள் பங்கை விட்டுக்கொடுத்தாலும் அது எழுத்தில் வர வேண்டும். "எல்லாரும் ஒரே குடும்பம், சொன்னால் போதும்" என்று விட்டுவிட்டு, உங்கள் மகன் காசைப் போட்டுக் கட்டிய பிறகு பங்கு கேட்டுச் சண்டை வந்தால் அவனுக்குக் கையில் ஆதாரம் இருக்காது. மாமியார் உயிரோடு இருந்து, கல்யாணம் கோயிலில் நடந்து பதிவு ஆகாமல் போயிருந்தாலும் அவரை ஒதுக்க முடியாது. ஒருவரையொருவர் மட்டுமே மணந்த இந்துத் திருமணத்தின் மனைவியை, உயில் இல்லாத வாரிசுரிமையில் மனைவியாகவே டர்பன் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் பழைய குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி வரும், அதனால் சொல்கிறேன்.

டீட் நகலைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீசிலிருந்து எடுத்தவுடன், கடைசிப் பக்கங்களில் இருக்கும் நிபந்தனைகளை நிதானமாகப் படியுங்கள். "ஒரே ஒரு குடியிருப்பு மட்டும்", "தெருவிலிருந்து இவ்வளவு அடி விட்டுக் கட்ட வேண்டும்", "பின் எல்லையில் குழாய்க்கு வழி" என்று பழைய டீட்களில் எழுதியிருப்பார்கள். நகரசபையின் மண்டல விதி அனுமதித்தாலும் டீட் தடுத்தால் தடைதான். அந்த நிபந்தனையை நீக்குவதற்கு இரண்டாவதாக ஒரு விண்ணப்பம் போட வேண்டும்; அது பிளானைவிட அதிக நாள் பிடிக்கும். கூடவே மனையின் சர்வேயர் ஜெனரல் வரைபடத்தையும் வாங்குங்கள், அந்த ஆபீசும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான். வேலி இருக்கும் இடமும் எல்லை இருக்கும் இடமும் பழைய மனைகளில் ஒன்றாக இருப்பதில்லை. எல்லைக்கல் தெரியவில்லை என்றால் நில அளவையாளரைக் கூப்பிட்டு நட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முடிச்சு வீட்டின் வயது. 1962இல் கட்டியது 60 வயதைக் கடந்துவிட்டது. 60 வயதான எந்தக் கட்டடத்தையும் மாற்றவோ இடிக்கவோ பாரம்பரியத் துறையின் பெர்மிட் வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. நம் மாகாணத்தில் அந்தப் பெர்மிட்டைக் கொடுப்பது அமாஃபா என்ற மாகாணப் பாரம்பரிய நிறுவனம். 2018ஆம் ஆண்டின் மாகாணச் சட்டமும் அதையே சொல்கிறது. "எங்கள் வீடு என்ன அரண்மனையா?" என்று கேட்பார்கள். சட்டம் அழகைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் நம்மவர்கள் கட்டிய வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக இந்த வரம்புக்குள் வந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக்காரர்களுக்கு இது தெரிவதில்லை. வீட்டின் நான்கு பக்கமும் தெருவிலிருந்து தெரியும் தோற்றமும் உள்ள தெளிவான படங்கள், இருப்பதும் வரப்போவதும் காட்டும் வரைபடம், ஏன் செய்கிறீர்கள் என்ற ஒரு பக்க விளக்கம், இவை போதும். புதுப்பகுதி பழைய சுவரைத் தொடாமல் தனியாக நின்றாலும் அமாஃபாவிடம் எழுதிக் கேட்டுப் பதிலை ஃபைலில் வையுங்கள். பெர்மிட் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

மூன்றாவது முடிச்சு மூடிய வராந்தா. அதை மறைத்து, பழைய வராந்தாவாகவே வரைந்து அனுப்பலாம் என்று ஒரு யோசனை வரும். செய்யாதீர்கள். நகரசபை ஃபைலில் பழைய பிளான் இருந்தால் அதையும் வான்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு புதுப்பகுதிக்கான அனுமதியும் அதோடு சேர்ந்து நின்றுபோகும். புதிய பிளானிலேயே அதை "ஏற்கெனவே கட்டியது, அனுமதி கோரப்படுகிறது" என்று குறித்து, இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கொடுங்கள். கூடுதல் கட்டணம் கேட்கலாம். சுவர் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க ஓரிடத்தில் மண்ணைத் தோண்டிக் காட்டச் சொல்லலாம், பொறியாளர் அறிக்கையும் கேட்கலாம். வராந்தாத் தரையின் விளிம்பு சுவர் தாங்குவதற்காகப் போட்டதில்லை, அதனால் அந்தக் கேள்வி நியாயமானதே. சுவர் ஓரத்தில் படிக்கட்டுபோல விரிசல் ஓடியிருந்தால் வரைவதற்கு முன்பே பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள். தெருவை நோக்கிய கட்டட எல்லைக்கு அப்பால் வராந்தா நீட்டிக்கொண்டிருந்தால், விதியைத் தளர்த்தக் கேட்கும் தளர்வு விண்ணப்பமும் சேர வேண்டும். பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம் கேட்டால், டீடில் பேர் உள்ளவரிடம் வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவர் கையெழுத்து செல்லாது.

நான்காவது முடிச்சுதான் பெரியது: கிச்சன். இரண்டு அறையும் பாத்ரூமும் இருக்கிற வரை அது உங்கள் வீட்டின் சேர்க்கை. சிங்க்கும் அடுப்பும் வைத்துத் தனியே சமைக்கலாம் என்றானவுடன் அது இரண்டாவது குடியிருப்பு. நகரசபையின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் உங்கள் மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது, அந்த மண்டலத்தில் இரண்டாவது குடியிருப்புக்குத் தானாகவே இடமுண்டா, தனிச் சம்மதம் வேண்டுமா, அதன் பரப்புக்கு உச்சவரம்பு என்ன என்று மண்டலச் சான்றிதழோடு எழுத்தில் கேளுங்கள். தனிச் சம்மதம் வேண்டும் என்றால் அயலாருக்கு அறிவித்து, ஆட்சேபணைக்கு நாள் கொடுத்து, அது முடிந்த பிறகே கட்டடப் பிளான் போகும். குழாய், சாலை, கழிவு ஆகியவற்றின் சுமைக்காக வளர்ச்சிக் கட்டணமும் கேட்கலாம்.

இந்தச் செலவைத் தவிர்க்க "பிளானில் கிச்சன் என்று எழுதாதே, ஸ்டோர்ரூம் என்று போடு, பூஜை அறை என்று போடு" என்ற ஆலோசனை ஊரெல்லாம் கிடைக்கும். சமையல் குழாயும், சிங்க் தண்ணீர் விழும் கல்லி டிராப்பும் பூஜை அறையில் எதற்கு என்று வடிகால் வரைபடத்தைப் பார்க்கிறவரே கேட்பார். பிளானில் இல்லாமல் பிறகு வைத்தால், குடிபோகலாம் என்று நகரசபை தரும் குடியேற்றச் சான்றிதழ் கடைசிப் பரிசோதனையில் நின்றுவிடும். மகனும் மருமகளும் உங்களோடு சேர்ந்தே சமைக்கச் சம்மதம் என்றால், கிச்சனை இப்போதைக்கு விடுவது நியாயமான முடிவு. தனியாகத்தான் வேண்டும் என்றால் கிச்சன் என்றே எழுதி முறையாகக் கேளுங்கள். புதுப் பகுதி தனி வீடாகக் கருதப்பட்டால் இன்னொன்றும் உண்டு: பில்டர் என்.எச்.பி.ஆர்.சி.யில் (வீடு கட்டும் பில்டர்களைப் பதியும் தேசிய அமைப்பு) பதிந்தவராக இருக்க வேண்டும், வேலை தொடங்க 15 நாள் முன்பே வீட்டையும் அங்கே பதிய வேண்டும். உங்கள் பில்டரிடம் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரியும்.

இப்போது பரப்புக் கணக்கு. உங்கள் மண்டலத்தில் மனையின் 40 சதவீதம் வரை கூரை மூடலாம் என்று வைத்துக்கொள்வோம். சரியான எண்ணை மண்டலச் சான்றிதழ் சொல்லும். 465இல் 40 சதவீதம் 186. இருப்பது 108, 14, 20 சேர்ந்து 142. மிச்சம் 44. நீங்கள் கேட்பது 48. நான்கு சதுர மீட்டருக்காகத் தளர்வு விண்ணப்பம் போட்டு இரண்டு மூன்று மாதத்தை இழப்பதைவிட, அந்தத் தகர ஸ்டோர்ரூமை எடுத்துவிடுவது நல்லது. அப்போது இருப்பு 122, புதியது 48, மொத்தம் 170. கார்போர்ட்டின் கூரையும் கணக்கில் சேரும் என்று நகரசபை சொன்னாலும் 16 கையில் இருக்கிறது. ஒரு பக்கி நிற்க அது போதும். ஸ்டோர்ரூமை இடிப்பதையும் அதே பிளானில் காட்டுங்கள். அதன் கூரையோ வீட்டின் கூரையோ பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் வீட்டு ஆட்களை வைத்து உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள். 2020இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் விதிகளின்படி அதைக் கழற்றுவது பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரின் வேலை. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வருஷங்கள் கழித்துத்தான் தெரியும். பேரப்பிள்ளைகள் ஓடியாடப்போகிற முற்றம் அது.

எங்கே கட்டுவது என்பதில் பழைய மனைகளின் பெரிய கண்ணி, கொல்லைக் கோடியில் ஓடும் சாக்கடைக் குழாய். பல தெருக்களில் மெயின் லைன் தெருவில் போகாமல் இரண்டு வரிசை வீடுகளின் பின் எல்லையை ஒட்டிப் போகும். அதன்மேல் அஸ்திவாரம் போட முடியாது. ஸ்டேங்கரில் கவனிக்க வேண்டியது: கட்டட அனுமதி தருவது குவாடுகுசா நகரசபை, ஆனால் தண்ணீரும் கழிவுநீரும் இலெம்பே மாவட்ட நகராட்சியின் பொறுப்பு. ஆகவே குழாய் வரைபடத்தை இலெம்பேயில் கேட்க வேண்டும். மேன்ஹோலின் மூடியைத் திறந்து, குழாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வரைபவரை அளக்கச் சொல்லுங்கள். 60க்கு 1 என்ற சரிவில் 18 மீட்டர் ஓடினால் குழாய் 300 மில்லிமீட்டர் இறங்கும். உங்கள் கொல்லை தெருவைவிடப் பள்ளமாக இருந்து இணைப்பு முன்பக்கம் இருந்தால், புதிய பாத்ரூமின் தரை மட்டத்தை அந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கும். சுவர் எழும்பிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் தரையை உயர்த்தி, கூரையையும் மாற்ற வேண்டியதாயிற்று.

வரைபவர் சாகாப்பில் (கட்டடக் கலைத் தொழிலுக்கான பதிவு மன்றம்) பதிந்தவராக இருக்க வேண்டும். டிராஃப்ட்ஸ்பெர்சன், டெக்னாலஜிஸ்ட், சீனியர் டெக்னாலஜிஸ்ட், ஆர்க்கிடெக்ட் என்று வகைகள் உண்டு. உங்கள் அளவு வேலைக்குப் பெரிய ஆர்க்கிடெக்ட் தேவையில்லை. பதிவு எண்ணைக் கேட்டு, இந்த வருஷத்துக்குச் செல்லுபடியாகிறதா என்று சாகாப்பிலேயே சரிபாருங்கள். இன்னொருவரின் எண்ணை வாங்கிப் போட்டு வரைந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சரிவு நிலமோ கான்கிரீட் ஸ்லாபோ என்றால் பொறியாளர் நியமனப் படிவமும் வேண்டும், அப்போது அவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

வரைந்ததைக் கையெழுத்துப் போடும் முன்பு நீங்களே பார்க்கக்கூடியவை சில. மனை முழுவதையும் காட்டும் வரைபடத்தில் புதிய வேலை சிவப்பு, இடிப்பது கறுப்புப் புள்ளிக்கோடு. அறைகளைக் காட்டும் தரைப்படமும் வெட்டுப்படமும் வேறு நிறங்களில்: புதுச் செங்கல் சிவப்பு, கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், இருப்பது சாம்பல். வடிகாலில் மலக்குழாய் பழுப்பு, குளியல் சிங்க் தண்ணீர் பச்சை. நிறம் பிசகினாலும் ஃபைல் திரும்பும், இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். படுக்கையறை 6 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது, கூரை உயரம் 2.4 மீட்டர். ஜன்னல் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, அதில் பாதி திறக்க வேண்டும். 12 சதுர மீட்டர் அறைக்கு 1.2 சதுர மீட்டர் ஜன்னல், 0.6 திறப்பு. எல்லைச் சுவரை ஒட்டி அறையைத் தள்ளினால் அந்தப் பக்கம் ஜன்னல் வைக்கத் தீ விதி இடம் கொடுக்காது, பிறகு வெளிச்சக் கணக்கும் தோற்கும். அறையை எங்கே தள்ளுவது என்று முடிவு செய்யும்போதே இதைப் பாருங்கள்.

ஆற்றல் விதியான எக்ஸ்.ஏ பகுதியை மறந்து திரும்பும் பிளான்கள் நிறைய. வெந்நீரில் குறைந்தது பாதியை எலெக்ட்ரிக் காயில் இல்லாத வழியில் சூடாக்க வேண்டும்: சோலார் கீசர், ஹீட் பம்ப், கேஸ், ஏதாவது ஒன்று. புதிய பாத்ரூமுக்குச் சாதாரணக் கீசர் என்று எழுதினால் சிவப்பு மையில் திரும்பி வரும். கண்ணாடிப் பரப்பு தரைப் பரப்பில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நீண்ட கணக்கு வேண்டாம். கூரைக்கு இன்சுலேஷன் குறிப்பும் வேண்டும்.

மழைநீர் எங்கே போகிறது என்று அம்புக்குறியோடு காட்டுங்கள். புதுக் கூரையின் தண்ணீர் பக்கத்து மனையில் விழக் கூடாது, சாக்கடையிலும் சேரக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் கடற்கரையில் மண்ணை வெட்டிச் சமப்படுத்திய மனைகளைக் கூர்ந்துதான் பார்க்க வேண்டும், பார்ப்பதும் நல்லதுதான். சுவரின் ஈரத்தடுப்பு வெளித்தரையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பின்னால் பேவிங் போட்டு அதை மூடிவிடாதீர்கள்.

கட்டணம் சதுர மீட்டர் கணக்கில். நகரசபையின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால் கட்டணப் பட்டியலும் அன்று மாறும்; ஜூனில் தயாராகிவிட்டால் ஜூலைக்குத் தள்ளாதீர்கள். ரேட்ஸ் (நகரசபைச் சொத்துவரி) பாக்கி இருந்தால் தீர்த்துவிட்டுப் போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் குறைகளை மட்டும் திருத்தி ஒரு வருஷத்துக்குள் திரும்பக் கொடுத்தால் மறுபடி கட்டணம் இல்லை. அனுமதி வந்தால் 12 மாதம் செல்லும். அதற்குள் தொடங்காவிட்டால் காலாவதி, முடியும் முன்பே நீட்டிப்பு கேட்க வேண்டும்.

நல்ல நாள் விஷயம். மேலே சொன்ன நான்கும் முடிந்து தைப்பூசத்துக்கு முன்பு அனுமதி கையில் வரும் என்று நம்பி அஸ்திவாரத்துக்கு நாள் குறிக்க வேண்டாம். எஸ்டேட் பதியாமல் இருந்தால் நிச்சயம் வராது. நாள் தவற மனமில்லை என்றால் அந்த நாளில் பூஜையைச் செய்து, வடகிழக்கில் விளக்கேற்றி, கல்லை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். பள்ளம் மட்டும் தோண்ட வேண்டாம். ஐயர் வந்து வாஸ்து பார்த்து வாசலையோ அடுப்பையோ மாற்றச் சொல்வார் என்றால், வரைவதற்கு முன்பே கூப்பிடுங்கள். அனுமதிக்குப் பிறகு வாசலை நகர்த்தினால் திருத்தப் பிளான் கொடுக்க வேண்டும்.

வேலை தொடங்க 4 வேலை நாள் முன்பும், இடிக்க 10 நாள் முன்பும் நகரசபைக்கு எழுத்தில் சொல்லுங்கள். அஸ்திவாரப் பள்ளம் தோண்டியதும் கான்கிரீட் ஊற்றும் முன் ஒரு பரிசோதனை, வடிகால் குழாயை மண்ணால் மூடும் முன் ஒன்று. இரண்டுக்கும் 2 நாள் முன்னறிவிப்பு. இன்ஸ்பெக்டர் வரத் தாமதமானதும் பில்டர்கள் மூடிவிடுவார்கள், பிறகு தோண்டிக் காட்ட வேண்டிவரும். கட்டட வேலையெல்லாம் நிற்கும் டிசம்பர் நடுவில் பள்ளத்தைத் திறந்து வைக்காதீர்கள். கோடை மழையில் ஓரம் சரிந்தால் தோண்டிய அகலமும் ஆழமும் கெட்டுவிடும். பில்டருக்கான பணத்தை இந்தப் பரிசோதனைகளோடு கட்டிப்போடுங்கள். ஒவ்வொரு கட்டமும் நகரசபையில் தேறிய பிறகே அடுத்த தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடைசித் தவணையைக் குடியேற்றச் சான்றிதழ் வரும் வரை கையில் வையுங்கள். அதற்கு மின்சாரச் சான்றிதழ், பிளம்பர் சான்றிதழ், கூரை டிரஸ் சான்றிதழ், கண்ணாடிச் சான்றிதழ், பொறியாளர் இருந்தால் அவருடைய நிறைவுச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். பணம் முழுக்க வாங்கிவிட்ட பில்டர் இவற்றைத் தேடித் தரமாட்டார். எல்லாம் கொடுத்துக் கேட்ட 14 நாளுக்குள் நகரசபை சான்றிதழ் கொடுக்க வேண்டும் அல்லது ஏன் இல்லை என்று எழுத வேண்டும். அது வருவதற்கு முன்பு மகனும் மருமகளும் குடிபோவதும் குற்றம்தான், பால் காய்ச்சும் நாளை அதற்கேற்ப வையுங்கள்.

கார்போர்ட்டைப் பற்றி. பக்கங்கள் திறந்த, 40 சதுர மீட்டருக்கு மேற்படாத கார்போர்ட் சட்டத்தில் சிறு கட்டட வேலை. 10 சதுர மீட்டர் வரை கருவிக்கொட்டகை, 1.8 மீட்டர் உயரம் வரை தனிச்சுவர் ஆகியவையும் இந்த வகைதான். சிறு வேலை என்றால் கேட்காமல் கட்டலாம் என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். 13ஆம் பிரிவின்படி, முழுப் பிளான் கொடுப்பதிலிருந்து உங்களுக்கு விலக்குத் தர கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதை நீங்கள் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். அளவும் இடமும் காட்டும் எளிய படம் ஒன்றை அவர் கேட்பார். ஆனால் நீங்கள் எப்படியும் பெரிய பிளான் கொடுக்கப்போகிறீர்கள், கார்போர்ட்டையும் அதிலேயே வரைந்துவிடச் சொல்லுங்கள், தனி விண்ணப்பம் மிச்சம். பக்கங்களைத் திறந்தே விடுங்கள். மழைச்சாரல் அடிக்கிறது என்று சுவர் எழுப்பி, முன்னால் ரோலர் டோர் மாட்டினால் அது கராஜ். கராஜுக்கு மறுபடி பிளான் வேண்டும்.